பேராக் தோட்டங்களில் புழங்கிய .38/200 தோட்டா: நல்லதா, நோஞ்சானா?

பழைய தோட்டத்துப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அரைக்கால் சட்டை, முட்டிவரை காலுறை, தலையில் தொப்பி, இடுப்பில் தோல் உறைக்குள் ஒரு ரிவால்வர். பெரட்டுக் களத்தில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, எதிரில் பெரிய துரை. 1948-க்குப் பிறகு எடுத்த படமாக இருந்தால் அந்த ரிவால்வருக்கு ஒரு காரணம் இருக்கிறது.

1948 ஜூன் 16. ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட். காலை எட்டரை மணி அளவில், எல்ஃபில் தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கர் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்டியனுக்கு வயது 21தான். ஜூன் 18-ஆம் தேதி நாடு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிய 1960 ஜூலை 31 ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலாயா போலீசிடமும் தோட்டத் துரைகளிடமும் பரவலாகப் புழங்கிய ரிவால்வர்களில் போட்டது ஒரு விநோதமான தோட்டா. பெயர் .38/200. இன்று அதிகம் கண்ணில் படாத ரகம். ‘ரொம்ப நல்லது’ என்று சொன்னவர்களும் உண்டு, ‘இதுக்குக் கல்லெறியலாம்’ என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ரெண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

முதலில் ஒரு சின்ன திருத்தம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும்தான். உறை துப்பாக்கியிலேயே தங்கிவிடும். செய்தி அறையில் நாங்களே இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. (தோட்டத்தையும் தோட்டாவையும் மாற்றி அடித்த கதையும் உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

.38 என்பது அங்குலக் கணக்கு. ஆனால் அது குண்டின் அகலம் இல்லை, ஏறக்குறைய உறையின் அகலம். உண்மையான குண்டின் விட்டம் 0.361 அங்குலம், அதாவது 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

200 என்பது குண்டின் எடை, கிரெயின் கணக்கில். கிரெயின் என்றால் தானிய மணி. நம்ம ஊர் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, ஐரோப்பாவில் தானிய மணியை வைத்து நிறுத்த காலத்தின் மிச்சம் அது. 200 கிரெயின் கிட்டத்தட்ட 13 கிராம். வீட்டில் நகைக்கணக்கு தெரிந்தவர்களிடம் சொன்னால் சட்டென்று புரியும்: ஒன்றரைப் பவுனுக்குச் சற்று அதிகமான ஈயம். கைத்துப்பாக்கிக்கு இது கனமான குண்டு.

வேகம்தான் குறைவு. விநாடிக்குச் சுமார் 190 மீட்டர். ஒலியின் வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இதை யார், எதற்காக உருவாக்கினார்கள்?

மூலத் தோட்டா அமெரிக்கச் சரக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1870-களில் சட்டைப்பை அளவு ரிவால்வர்களுக்காகக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் ராணுவம் அப்போது இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாளில் அவர்களிடம் இருந்தது .455 வெப்லி. குண்டு மட்டும் 265 கிரெயின், இரண்டு பவுனுக்கும் மேல். துப்பாக்கி ஒரு கிலோவைத் தாண்டும்.

முதல் உலகப் போர் ஒரு பாடம் சொன்னது. போர்க்காலத்தில் கையில் கிடைப்பவர்களுக்கு எல்லாம் சில வாரங்களில் துப்பாக்கி பழக்க வேண்டும். .455 ரிவால்வர் உதைக்கிற உதையில், புதிதாக வருபவர்கள் குறியைத் தவறவிட்டார்கள். எடை குறைவான, உதை குறைவான ஒன்று வேண்டும். ஆனால் ஆளை நிறுத்தவும் வேண்டும். சின்ன உறைக்குள் கனமான குண்டு வைத்தால் ரெண்டும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் .38/200. அதற்காகச் செய்த என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வர் 1932-இல் ராணுவத்துக்குள் வந்தது. எடை முக்கால் கிலோ சொச்சம். பழைய வெப்லியோடு ஒப்பிட்டால் இடுப்பு பெருமூச்சு விட்டிருக்கும்.

வெப்லி நிறுவனமும் இதே தோட்டாவுக்கு மார்க் 4 என்ற ரிவால்வரைச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் இதுவும் போதாமல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்திடமிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்கள் இதே தோட்டாவுக்காக வாங்கப்பட்டன. போர் முடிந்தது, துப்பாக்கிகள் மிஞ்சின. மலாயா போன்ற காலனிகளுக்கு அவை வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, இதில் என்ன நல்லது?

உதை குறைவு. இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். துப்பாக்கியே பிடித்திராதவர்கூட இரண்டாவது, மூன்றாவது முறை சுடும்போது குறி பெரிதாக விலகாது. 1948-இல் பேராக்கில் இருந்த நிலைமைக்கு இது சின்ன விஷயமில்லை. நேற்றுவரை ரப்பர் விலையும் மழைக்கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்றைக்குத் தலையணைக்கு அடியில் ரிவால்வர் வைத்துத் தூங்க வேண்டிய நிலை.

உறை குட்டை. 20 மில்லிமீட்டர்கூட இல்லை. வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களைக் கட்டைவிரலால் ஒரு நெம்பு தட்டினால் நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு காலி உறைகளும் ஒன்றாக வெளியே தள்ளப்படும். உறை குட்டையாக இருப்பதால் இது தடங்கலில்லாமல் நடக்கும். இருட்டில், நடுங்கும் விரல்களோடு செய்ய வேண்டிய வேலைக்கு இந்த எளிமை பெரிய உதவி.

அழுத்தமும் குறைவு. துப்பாக்கி சீக்கிரம் தேயாது, சத்தமும் ஒப்பீட்டளவில் அடங்கியே இருக்கும். அதோடு, ரிவால்வருக்கே உரிய ஒரு வசதி: ஈரத்தில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பேராக்கின் மழை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் என்ன குறை?

வலு. ஒரு குண்டின் ஆற்றலைக் கணக்கிடும்போது எடையை ஒரு தடவைதான் பெருக்குவோம், வேகத்தை இரண்டு தடவை பெருக்குவோம். பள்ளியில் படித்த அதே சூத்திரம். அதனால் கனமாக இருந்தும் மெதுவாகப் போகிற குண்டு தோற்றுப்போகும். .38/200-இன் ஆற்றல் சுமார் 230 ஜூல். அதே காலத்தில் ஸ்டென் துப்பாக்கியில் போட்ட 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. .303 ரைபிளின் குண்டு 174 கிரெயின்தான், .38/200-ஐவிட இலேசு. ஆனால் நாலு மடங்கு வேகம், பத்து மடங்குக்கும் மேலான ஆற்றல்.

வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. நீளமான, மெதுவான அந்த ஈயக் குண்டு உடலில் பட்டதும் நிலைகுலைந்து புரளும், அதனால் காயம் பெரிதாகும், வேகக்குறைவு ஈடுகட்டப்படும் என்று நம்பினார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது, இல்லையா? அந்தச் சங்கடம் அவர்களுக்கும் வந்தது, வேறு வடிவத்தில். உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்கிறது 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம். உறையில்லாத மெல்லிய ஈயக் குண்டு அதை மீறுவதாக எதிரி வாதிட்டால்? பிடிபட்ட வீரனின் கதி என்ன? அதனால் 1930-களின் இறுதியில் குண்டை மாற்றினார்கள்: 178 கிரெயின், மேலே கெட்டியான உலோகப் பூச்சு. பூச்சுப் போட்ட குண்டு விரியாது. எடையும் குறைந்தது. ஆக, ‘கனமான ஈயம்’ என்ற மூலக் காரணமே பாதி கரைந்துவிட்டது. பெயரில் மட்டும் 200 ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு தொல்லை: 200 கிரெயினுக்கென்று குறிமுனை அமைத்த துப்பாக்கியில் வேறு எடைக் குண்டு போட்டால் குறி மாறும். இலேசான குண்டு பொதுவாகக் கீழே போய்ப் படும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ‘வலு குறைவு’ என்று துப்பாக்கிக்காரர்கள் சொல்வது மற்ற தோட்டாக்களோடு ஒப்பிட்டுத்தான். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுட்டால் எந்தத் தோட்டாவும் ஆளைக் கொல்லும். கழுத்தில் பட்டும் ஒருவர் பிழைக்கலாம். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயத்தோடு பிழைத்ததை உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் கதையாகவே சொல்வார்கள். எங்கே பட்டது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பால்மரக் காட்டில் இது உதவியதா?

பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சண்டை நேருக்கு நேர் நின்று நடந்த சண்டை அல்ல. செம்மண் பாதையின் வளைவில், மேட்டுக்கு மேலிருந்து, ரைபிளோடும் தானியங்கித் துப்பாக்கியோடும் காத்திருப்பார்கள். வண்டி மெதுவாகும் இடம் பார்த்துச் சுடுவார்கள். அவர்களிடமிருந்த ஆயுதங்களில் ஒரு பகுதி, ஜப்பானியர் காலத்தில் பிரிட்டனின் 136-ஆம் படைப்பிரிவு விமானத்திலிருந்து போட்டவை. 1945 டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைத்தபோது ஒப்படைக்காமல் காட்டில் புதைத்து வைத்தவை. அந்தத் துப்பாக்கிகளுக்கு எதிரே, ஐம்பது மீட்டரில் ஒரு ரிவால்வரால் செய்யக்கூடியது அதிகமில்லை. அதனால்தான் தோட்டக் காவலுக்கு வந்த சிறப்புக் காவலர்களுக்கு ரைபிள் கொடுத்தார்கள், துரைகள் காருக்கு இரும்புத் தகடு அடித்தார்கள், பங்களாவைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ரிவால்வர் கடைசி ஆறு அடிக்கான ஆயுதம். அதை வைத்திருந்தவருக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது என்பதையும் மறுக்க வேண்டாம்.

அந்தத் தைரியம் பால் வெட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. விடியும் முன்னே விளக்கோடு நிரைக்குள் போக வேண்டியவர்கள் அவர்கள். காட்டிலிருந்து வருகிறவனும் கேட்பான், சாலையில் நிற்கிறவனும் கேட்பான். எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார். வாசலில் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னதைப் பற்றி மட்டும் சொல்வார். காட்டுக்கு அரிசி போகக் கூடாது என்று தோட்ட வாசலிலேயே சோதனை நடந்த காலம் அது.

ஆறு தோட்டாக்களுக்கு ஒரு உயிர்

இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்போது, ஜூல் கணக்கோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு தோட்டாவின் கனம் அதன் ஆற்றலில் இல்லை. அது யார் கையில் இருந்தது என்பதில் இருந்தது.

1948 ஜூலையில் வந்த அவசரகால விதிகளின்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருந்தாலும் அதே தண்டனை. சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

தஞ்சாவூர்ப் பகுதியின் தம்பிக்கோட்டையிலிருந்து வந்தவர் எஸ்.ஏ. கணபதி. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் ஆனார். தமிழரும் சீனரும் ஒரே கொடியின் கீழ் கூலி உயர்வு கேட்ட அமைப்பு அது. 1948 ஜூனில், சுங்கை சிப்புட் கொலைகளை ஒட்டிய நாட்களில், அந்தச் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. 1949 மார்ச் மாதம் சிலாங்கூரின் ரவாங் பகுதியில் கணபதி பிடிபட்டார். குற்றச்சாட்டு: ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார். அதே மாதத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நேருவின் அரசு கருணை கேட்டது. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்டதிலிருந்து இரண்டு மாதம் சொச்சம்தான். அதற்கு முதல் நாள், அவருடைய சகாவான வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவசரகாலம் முழுவதிலும் தூக்கிலிடப்பட்டவர்கள் 200-க்கும் மேற்பட்டோர்.

கணபதியை வீரர் என்பவர்கள் இருக்கிறார்கள், ஆயுதப் போராட்டத்தின் ஆள் என்பவர்களும் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் இறந்த மூவருக்கும் குடும்பம் இருந்தது. பத்து காஜாவில் அவர்களுடைய கல்லறைகளில் இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. என் பார்வையில் இவற்றில் ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. அதே வகை ரிவால்வர், துரையின் இடுப்பில் இருந்தால் ‘வலு போதாது’ என்ற புகார். தொழிலாளி கையில் இருந்தால் ஆறே தோட்டா தூக்குமேடைக்குப் போதும். ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகோல் இருந்த நாடு அன்றைய மலாயா.

அந்தச் சட்டத்தின் வால் நீளமானது. 1960-இல் அவசரகாலம் முடிந்ததும் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே மரண தண்டனை இருந்தது. 1977-இல் பினாங்கில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கியும் 20 தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. பிறகு மன்னிப்பில் தப்பினான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனை 2023-இல் ஒழிந்தது.

இந்தத் தோட்டா இப்போது எங்கே?

பிரிட்டிஷ் ராணுவம் 1954-இல் 9 மில்லிமீட்டர் பிரௌனிங் கைத்துப்பாக்கிக்கு மாறியது. அதன்பின் .38/200 மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. ஆனால் பழைய காலனிகளின் போலீசிடம் நீண்ட நாள் இருந்தது. பக்கத்திலேயே, சிங்கப்பூர் போலீசுக்கென்று பாதுகாப்புப் பூட்டு வைத்துச் செய்த வெப்லி மார்க் 4 ரிவால்வர்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

செய்திகளில் ‘.38 துப்பாக்கி’ என்று பார்த்தால் அது இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்று அந்தப் பெயரில் அதிகம் புழங்குவது .38 ஸ்பெஷல். அதன் உறை ஏறக்குறைய 29 மில்லிமீட்டர், குண்டு கொஞ்சம் ஒடுக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. போருக்குப் பிறகு பழைய ரிவால்வர்களின் துளையை நீட்டி .38 ஸ்பெஷல் போடும்படி மாற்றி விற்றார்கள். அப்படி மாற்றியவற்றில் உறை வீங்கிப் பிளப்பது சகஜம். ‘.380’ என்பது இன்னும் குழப்பம். பிரிட்டிஷ்காரர்கள் .38/200-க்கு வைத்த அதிகாரப்பூர்வப் பெயரில் .380 இருக்கும். காந்தியைச் சுட்ட பெரெட்டாவின் தோட்டாவுக்கும் .380 என்றுதான் பெயர். ரெண்டும் முற்றிலும் வேறு.

வீட்டில் ஒன்று கிடைத்தால்?

சிரிக்காதீர்கள், நடக்கக்கூடியதுதான். தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான் வீடுகளுக்கும் மாறும்போது மண்ணைத் தோண்டுகிறார்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய அடையாள அட்டையோடு ஒரு பித்தளைத் துண்டும் இருக்கலாம். அடிப்பகுதியில் 380 என்ற எண்ணும், இரண்டைக் குறிக்கும் ரோமன் எழுத்தும், 43 அல்லது 44 போல ஓர் ஆண்டும் பொறித்திருந்தால், நீங்கள் பார்ப்பது 178 கிரெயின் ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கி சாவிக்கொத்தில் மாட்ட வேண்டாம். எண்பது வருடப் பிரைமர் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது, சூடும் தட்டலும் அதற்கு ஆகாது. சட்டமும் அப்படித்தான். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாத துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே மாதிரி பார்க்கிறது: ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே கிடைத்தால் 1971-ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டம் உள்ளே வரும். அதில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.

இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ 999-க்கோ சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துப் போவார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.